இது அந்தக் கவுன்சிலிங் இல்லீங்க

படிக்கட்டில் ஓடுகிறேன். ஒரு காலில் மட்டும் செருப்பு. விளக்கு இல்லை. மேலே கண்ணாடி நொறுங்குகிறது. கீழே ஒக்சானா நின்று கத்துகிறாள்.

"வ்னீஸ்! வ்னீஸ்!"

கீழே, கீழே என்று பொருள். நான்கு வருடம் அங்கே மருத்துவம் படித்திருக்கிறேன். அந்த ஊர் மொழியில் மூளையைக் கேட்காமல் என் கால்களே புரிந்துகொண்ட முதல் சொல் அது.

கார்கிவ். உக்ரைன். 2022, பிப்ரவரி 24. இன்னும் விடியவில்லை. தூரத்தில் விழும் குண்டு யாரோ கதவைத் தட்டுவது போல இருக்கும். பக்கத்தில் விழுவது அப்படி இல்லை. முதலில் விசில். பிறகு ஒன்றுமே இல்லை. பிறகு தரை தூக்கிப் போடும். நடுவில் வரும் அந்த ஒன்றுமில்லாததுதான் கொடுமை.

கட்டடமே நிலவறைக்குள் இருந்தது. மூன்றாம் மாடிக் கிழவர் மட்டும் வர மறுத்துவிட்டார். எல்லோருக்கும் ஒரே கழிப்பறை. மறுநாளே அடைத்துக்கொண்டது. வாந்தி. மூத்திரம். ஈரக் கம்பளி. போர் என்றால் வீரம் என்று இங்கே மேடையில் பேசுகிறார்கள். நான் பார்த்த போர் நாறியது.

ஒக்சானா எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் ரொட்டிக்கடை வைத்திருந்தாள். என் பெயர் கவிப்பிரியா. அவள் வாயில் நுழையாது. 'கவா' என்பாள். அவர்கள் மொழியில் கவா என்றால் காபி. நான் திருத்துவேன். அவள் சிரித்துக்கொண்டே காபியை நீட்டுவாள். காசு வாங்க மாட்டாள்.

சில நாள் கழித்து நிலவறையில் சாப்பாடு தீர்ந்தது. குழந்தைகள் அழுகின்றன. ஒக்சானா எழுந்திருக்கிறாள். கடையில் மிச்சமிருக்கும் ரொட்டியை எடுத்து வர மேலே போகிறாள். தட்டுப் பிடிக்க வாட்ச்மேன் இவானும் கூடப் போகிறார். விசில். ஒன்றுமில்லை. தரை.

நிலவறைக்குள் வெயில் விழுந்தது. கடை இருந்த இடம் வழியாக.

அதன் பிறகு ரயில், எல்லை, விமானம். அதெல்லாம் டிவியில் பார்த்திருப்பீர்கள். டிவியில் வராததைச் சொல்கிறேன்.

மல்லசமுத்திரம், என் சொந்த ஊர். எங்கள் வீட்டு வாசலில் மைக்குகள். அம்மா ஆரத்தி எடுத்தாள். கேமராவில் சரியாக விழவில்லை, இன்னொரு முறை எடுங்கள் என்றார்கள். எடுத்தாள். சொந்தக்காரர்கள் வந்தார்கள். காபி குடித்தார்கள். மெடிக்கல் சீட்டு என்னாகும் என்று எல்லோரும் கேட்டார்கள். யாராவது செத்தார்களா என்று ஒரு வாய்கூடக் கேட்கவில்லை.

ப்ளஸ் டூ முடித்ததும் நான் படித்த கோச்சிங் சென்டர்க்காரர் ரோட்டோரம் ஃப்ளெக்ஸ் வைத்தார். என் படம். பின்னால் ஒரு டாங்கி, கொஞ்சம் நெருப்பு. 'போரையே வென்ற எங்கள் மாணவி'. அதற்குக் கீழே, 'அட்மிஷன் நடைபெறுகிறது'. பாராட்டு விழாவும் வைத்தார். நான் மேடை ஏறியதும் சரவெடி கொளுத்தினார்கள். முன்கூட்டி யாரும் சொல்லவில்லை.

மேஜைக்கு அடியில் கிடந்தேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. சுடிதார் நனைந்திருந்தது. முன்வரிசையில் சிரித்தார்கள். போன்களைத் தூக்கிப் பிடித்தார்கள். அன்று மாலைக்குள் அது ஊர் ஊராக வாட்ஸ்அப்பில் போய்விட்டது. இதை எழுதக் கூசுகிறது. எடுத்தவர்களுக்குக் கூசவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அப்பா ரிக் வண்டி வைத்திருக்கிறார். போர்வெல் போடுகிற லாரி. ரிப்பேருக்கு வந்தால் வீட்டை ஒட்டிய காட்டில், எங்கள் வயலில்தான் நிற்கும். கம்ப்ரசரை ஓடவிட்டால் நான் கட்டிலுக்கு அடியில் இருப்பேன். அம்மாவுக்குத் தெரிந்த நர்ஸ் ஒருவர் பார்த்துவிட்டு, "புள்ளையக் கவுன்சிலிங் கூட்டிட்டுப் போங்கண்ணா" என்றார். அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது.

எங்கள் பக்கம் கவுன்சிலிங் என்றால் ஒன்றுதான். மார்க் சீட்டோடு போய் வரிசையில் நின்று காலேஜ் சீட்டு வாங்குவது.

டவுனில், அஸ்தம்பட்டியில் ஒரு மாடி அறை. மனநல ஆலோசகர், என் அம்மாவின் வயதிருக்கும் ஒரு பெண். அப்பா சலவை வேட்டியில் வந்திருந்தார். ஃபைலைப் பிரித்து ஒவ்வொன்றாக மேஜைமேல் அடுக்கினார்.

"ஒரிஜினலும் இருக்குதுங்க மேடம், ஜெராக்ஸும் இருக்குதுங்க. கம்யூனிட்டி சர்டிபிகேட்டும் எடுத்தாந்திருக்கனுங்க. உள்ளூருலயே சீட்டு கெடைச்சிருமுங்களா?"

ஆலோசகர் சிரித்திருந்தால் எழுந்து போயிருப்பேன். சிரிக்கவில்லை. மார்க் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். மறுபடி ஒழுங்காக அடுக்கி அப்பாவிடம் கொடுத்தார்.

"நல்லாப் படிச்சிருக்காங்க. ஆனா இது அந்தக் கவுன்சிலிங் இல்லீங்கண்ணா. இங்க உங்க பொண்ணு பேசலாம். பேசாமயும் உக்காந்திருக்கலாம்."

"பேசறதுக்குங்களா இத்தன தூரம் வந்தோம்?"

அவர் என் பக்கம் திரும்பினார். "அப்பா உள்ள இருக்கட்டுமா, வெளிய இருக்கட்டுமா? நீங்க சொல்றதுதான்."

திரும்பி வந்த நாளிலிருந்து எதற்கும் என்னை யாரும் கேட்டதில்லை. உள்ளேயே இருக்கட்டும் என்றேன். அப்பாவுக்குப் புரியாது. ஆனால் போனைத் தூக்கிப் படம் பிடிக்க மாட்டார்.

வாராவாரம் போனோம். வாராவாரம் வாயைத் திறக்கவில்லை. அந்த அறைமேலும் எனக்கு அருவருப்புதான். டிஷ்யூ பெட்டி, சுவரில் சூரியோதயப் படம். மறந்துவிடு என்று அவர் சொன்னால் முகத்தில் அடித்தாற்போல் ஏதாவது சொல்லிவிட்டு வரலாம் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவே இல்லை. ஒரு வாரம் என் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வந்தது. சத்தம் வருவதற்கு முன்னால் யாராவது சொன்னால் தேவலை.

மறுநாள் காலை. காட்டிலிருந்து அப்பாவின் குரல்.

"கம்ப்ரசர் போடறேன் சாமீ! போடட்டுமா?"

நான் "போடுங்க" என்று கத்தும்வரை அவர் போடவில்லை. வண்டி ஆட்கள் சிரித்தார்கள். பக்கத்துக் காட்டுக்காரர், "ஏனுங்க, மோட்டார் போடறதுக்கும் உத்தரவு வாங்கோணுங்களா?" என்று கேட்டார். அப்பா இரும்புக் குழாய் இறக்கும்போதும் கத்தினார். என் கைகள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டன. அடியில் போகவில்லை.

ஆனாலும் சீட்டு ஆசை அவரை விடவில்லை. வேறொரு நாட்டில் இடம் வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் அஸ்தம்பட்டி அறையிலேயே அப்பாவுக்குப் போன் வந்தது.

"ஆமாங்க. நாளைக்குப் பாஸ்போர்ட்டக் குடுத்தர்றனுங்க."

"நான் போகலைப்பா. இப்ப என்னால முடியாது."

அப்பா போனை மடியில் வைத்தார். கோபமில்லை. களைப்புதான். "படிப்பு நின்னு போச்சு, செரி. மறுபடி சேந்துக்கலாம். நீ பொழச்சு வந்துட்டயில்ல சாமி. வேற என்ன போச்சு?"

சமாதானத்துக்குச் சொன்னதுதான். ஆனால் அந்தக் கேள்வியைத்தான் இந்த ஊரில் யாரும் என்னிடம் கேட்டிருக்கவில்லை. ஆலோசகரைப் பார்த்தேன். அவர் குறுக்கே வரவில்லை.

"ஒக்சானா போயிட்டாப்பா."

"அது யாரு சாமி?"

"எனக்குக் காப்பி குடுத்தவ."

போன் மறுபடி அடித்தது. திரையில் ஏஜென்ட் பெயர். அப்பா அதை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார். "வேற?" என்றார். சொன்னேன். "வேற?" என்றார். மதியம்வரை கேட்டார். அவர் கேட்டிருக்காவிட்டால் செத்தது ஒருத்தி என்றே நான் நினைத்துக்கொண்டிருந்திருப்பேன். மற்றவர்கள் சொல்லச் சொல்லத்தான் வெளியே வந்தார்கள்.

போனவை இவை. ஒக்சானா, ரொட்டிக்கடைக்காரி. இவான், வாட்ச்மேன். மூன்றாம் மாடிக் கிழவர், கடைசிவரை கீழே வராதவர், பெயரை நான் கேட்டதில்லை. ஒரு ரொட்டிக்கடை. ஒரு படிப்பு, அரைகுறையாக. தீபாவளி. சொந்த ஊர்க்காரர்கள்மேல் எனக்கிருந்த மரியாதை, பெரும்பகுதி.

"அந்தப் புள்ளைக்குக் கொழந்த குட்டி இருந்துச்சா சாமி?" என்று அப்பா கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது.

என் ஃப்ளெக்ஸைப் பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். வீடியோவைப் பார்த்துச் சிரித்தவர்கள் அதற்கும் மேல். ஒக்சானாவுக்காக இங்கே அழுதவர் ஒருவர்.