கெடு நாள் வரை அடைத்த வால்வு

சாப்பிட்ட கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொள்பவர்களை எனக்குப் பிடிக்காது. உங்களுக்கும் பிடிக்காது என்றுதான் நினைக்கிறேன். என் மனைவியின் தம்பி அப்படித்தான் துடைப்பான். ஆனாலும் அவள் கேட்டுக்கொண்டதற்காக, எங்கள் இறைச்சி ஆலையில் அவனுக்குப் பம்ப் ஓட்டும் வேலை வாங்கிக் கொடுத்தது நான்தான்.

என் வேலை சுத்தமானது. பின்புறத் தொட்டியில் குடலும் கொழுப்பும் அழுகிக் கிளம்பும் வாயு ஒரு குழாய் வழியே வெளியேறும். பூமியைச் சூடாக்கும் வாயு அது. குழாயில் ஒரு மீட்டர் இருக்கிறது. கெடு நாள் வரை அதில் ஓடியதைக் கணக்கிட்டு, அன்றே அரசாங்கத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். நான் ஒருமுறைகூடத் தாமதித்ததில்லை. அனுமதித்த அளவை மீறியதும் இல்லை.

இந்த ஆண்டு மீறிவிடும் போலிருந்தது. அதனால் வால்வை அடைத்தேன். மீட்டர் நின்றுவிட்டது. வாயு எங்கேயாவது போகத்தானே வேண்டும்? தொட்டியை ஒட்டிய பம்ப் அறைக்குள் கசிந்தது. அங்கிருந்த எச்சரிக்கை மணி ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. அறைக்கு வெளியே ஓடிய அதன் கம்பியைப் பிடுங்கி வைத்தேன்.

மறுநாள் மைத்துனன் என் அறை வாசலில் வந்து நின்றான். செருப்பெல்லாம் சேறு.

"மாமா, உள்ள போனாலே தலை சுத்துது. நேத்து வாந்தி எடுத்துட்டேன்."

"மணி அடிச்சுதா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? வெறும் வயித்தோட வேலைக்கு வராத."

"நீங்க சொன்னா சரி மாமா" என்று சிரித்தான். பல்லிடுக்கில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கெடு நாளன்று மதியம் பம்ப் அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தரையில் கிடந்தான். வாயைச் சுற்றி வாந்தி. விரல்கள் மட்டும் தரையைப் பிறாண்டிக்கொண்டிருந்தன. ஆளைக் கூப்பிட்டால் முதலில் வால்வைத்தான் திறப்பார்கள். மீட்டர் ஓடத் தொடங்கும். நானே போய் இழுத்து வந்திருக்கலாம். முகமூடி கதவருகில்தான் தொங்கியது. ஆனால் அதன் உட்புறம் பலருடைய எச்சில் காய்ந்து அப்பியிருந்தது. பார்த்ததுமே எனக்குக் குமட்டியது.

மாடிக்குப் போய் அறிக்கையை அனுப்பினேன். கிடைத்ததாகப் பதில் வரும்வரை காத்திருந்தேன். கீழே இறங்கி வால்வைத் திறந்து, மணியின் கம்பியையும் மாட்டிவிட்டு, அதன் பிறகுதான் கூச்சல் போட்டேன்.

"ரொம்பத் துடிச்சானாங்க?" என்று மனைவி கேட்டாள்.

"இல்லம்மா. தூங்குற மாதிரிதான் இருந்தான்."

என் தோளில் சாய்ந்து அழுதாள். மூக்குச்சளி சட்டையில் ஒட்டியது. அதைக் கழற்றிப் போடும்வரை எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை.

கெடுவைத் தள்ளிவைத்ததோடு, இந்த ஆண்டு அளவு மீறினாலும் நடவடிக்கை இல்லை என்று அவன் செத்த அன்று காலையே அரசாங்கம் அறிவித்தது எனக்குத் தெரியாதா என்று விசாரிக்க வந்த நீங்கள் கேட்டீர்கள். தெரியும். அலுவலகத்தில் நுழைந்ததும் படித்தேன். ஒழுங்கில்லாதவர்களுக்குக் கொடுக்கும் சலுகை அது. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.