ஆறு வளையங்களும் ஒரு செருப்பும்

இந்த விருது விழாவை விரும்பி நடத்தும் நம் நிறுவனத் தலைவி தாரகா அம்மையார் அவர்களே! சிராங்கூன் சாலை நெரிசலில் நீந்தி வந்திருக்கும் பெரியோர்களே! பிரியாணி வந்துவிட்டதா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! கடல்நடு எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆளும் பொருளும் ஏற்றிச் செல்லும் நம் படகின் எஞ்சின் பொறுப்பாளன் செல்லக்கண்ணு உங்களை வணங்குகிறேன்.

இன்றைய நாயகர் ரஞ்சன் அண்ணன், உதிரிபாகக் கிடங்கின் உறங்காத காவலர். மூன்று ஆண்டுகளாக அவர் இருப்பில் ஒன்றுகூடக் குறைந்ததில்லையாம், அதற்குத்தான் விருது. எப்படிக் குறையும்? கொடுத்தால்தானே குறையும்! கேட்டவர் உண்டு, கெஞ்சியவர் உண்டு, கிடைத்தவர் உண்டா? கை தட்டாதீர்கள், அண்ணன் கூச்சப்படுகிறார்.

சென்ற மாதம் எங்கள் எஞ்சினைக் குளிர்விக்கும் கடல்நீர்ப் பம்ப்பின் ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டது. அவரிடம் ஆறு இருந்தன. கேட்டேன். “ஆடிட் வருது லா, செல்லக்கண்ணு. ஆறுன்னா ஆறு இருக்கணும். அடுத்த வாரம் பாப்போம்” என்றார். அடுத்த வாரம் நடுக்கடலில் வளையம் கிழிந்தது. பம்ப் நின்றது, எஞ்சின் கொதித்தது, படகு மிதந்தது. எங்கே மிதந்தது? எண்ணெய் மேடையின் இரும்புக் கால்களை நோக்கி! உள்ளே பதினான்கு உயிர்கள். என் உதவியாளன் ஜெய் கேபினுக்கு ஓடிப்போய் ரப்பர் செருப்போடு வந்தான். “அண்ணே, இத அறுத்துப் பாருங்க!” அறுத்தேன், மாட்டினேன், தப்பினோம்.

இப்போது சரிசெய்தாகிவிட்டதா என்று அங்கே ஒருவர் கேட்கிறார். எங்கே ஐயா! இன்றும் அந்தப் படகு செருப்பை நம்பித்தான் ஓடுகிறது. நாளைக் காலை ஆறு மணிக்கு மறுபடியும் பதினான்கு பேரோடு புறப்படுகிறது.

ஆகவே ஒரு பரிசு கொண்டுவந்தேன். இதோ, ஜெய்யின் இன்னொரு செருப்பு! பதறாதீர்கள், பெரியோர்களே, இது பறக்கும் செருப்பல்ல, உதிரிபாகம். ரஞ்சன் அண்ணே, இதை அலமாரியில் வைத்துக்கொண்டு ஒரு வளையம் தாருங்கள். ஆறு ஆறாகவே இருக்கும், ஆடிட்டும் மகிழும். என்ன, எழுந்துவிட்டீர்கள்? கோபமா? இல்லையா? கிடங்குச் சாவி சட்டைப்பையிலேயே இருக்கிறதா! கொடுங்கள் அண்ணே, கொடுங்கள்!

கிடைத்துவிட்டது. பொன்னாடையை அம்மையார் போர்த்தட்டும். நான் லோயாங்கில் இருக்கும் அண்ணன் கிடங்குக்கு ஓடுகிறேன். பதினான்கு குடும்பங்களின் சார்பில் நன்றி, வணக்கம். பிரியாணி வந்தால் எனக்கொரு பொட்டலம் எடுத்துவையுங்கள். ஆறு ஐந்தாகிவிடுமே என்று மட்டும் யோசிக்காதீர்கள்!