வகுப்பில் எடுத்த விரல் கணக்கு

ஓசூரில் கம்பெனிகள் பெருகிவந்த நாட்கள். கெலமங்கலம் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒருவரும் பள்ளிச் சீருடையில் அவர் மகளும் இருந்தார்கள்.

"அப்பா, எங்க கிளாஸ்ல எல்லாரோட அப்பாவுக்கும் எத்தனை வெரலுன்னு கேட்டேன்."

"இதென்ன கேள்வி?"

"ஏதாச்சும் ஒண்ணை நீங்களே விசாரிச்சுக் கணக்கெடுங்கன்னு டீச்சர் சொன்னாங்க. தகடு வெட்டற பிரஸ் மிஷின் ஓட்டறவங்கள்ல பாதிப் பேருக்கு வெரலு கொறையுதுப்பா. பேக்கிங்ல எல்லாருக்கும் பத்தும் இருக்குது."

"பாத்து ஓட்டுனா ஒண்ணும் ஆவாது கண்ணு. சம்பளமும் அதுலதான் ஜாஸ்தி."

"அவங்களும் பாத்துதான் ஓட்டியிருப்பாங்க. நீ திங்கக்கிழமை பேக்கிங்லருந்து பிரஸ்ஸுக்கு மாறறேன்னியே, உன்னை எதுல சேக்கறது?"

கெலமங்கலம் வந்ததும் அவர் மகளின் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். இறங்கும்போது சொன்னார்: "பேக்கிங்லயே எழுதிக்க. பிரஸ்ஸுக்கு வரலைன்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடறேன்."