சத்தமில்லாத கெட்டிமேளம்

— தாலி கட்றாரு, எல்லாரும் அரிசி போடுறாங்க, நாயனக்காரரு கன்னத்தை உப்பிக்கினு கீறாரு. சத்தம் மட்டும் இல்ல. நீயே பாரு ரூபேஷ்.

— போன வாரம்தானே சரி பண்ணிக் குடுத்தேன் ஷைலஜா.

— அதுக்கு முந்தின வாரமும்தான் பண்ண. கல்யாண வீடியோ எடிட் பண்ணி சோறு துன்றவ நான். கெட்டிமேளம் இல்லாம லாய்டு ஸ்டூடியோவுக்கு எப்டி குடுப்பேன்? பொண்ணு வூட்டுக்காரங்க அடிக்க வருவாங்க.

— தள்ளு, பாக்கறேன். சவுண்டு டிரைவர் கழண்டுனு கீது. இது லினக்ஸோட தப்பு இல்ல.

— எப்பவுமே அதோட தப்பு இல்ல. ஒருநாளாவது அது தப்பு பண்ணிச்சின்னு ஒத்துக்கோ, கோயில்ல தேங்கா ஒடைக்கிறேன்.

— சும்னே பேசாத. விண்டோஸ்ல இன்னா வாழ்ந்துட்ட? பாதி வேலைல அப்டேட்னு சொல்லி குந்திக்கும். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயி டீ குடிச்சிட்டு வந்தாலும் முடிஞ்சிருக்காது.

— ஆமா, உங்கம்மா மாதிரி. கேக்காம உள்ள வரும், எல்லா சாமானையும் எடம் மாத்தி வெக்கும், உன் நல்லதுக்குத்தாம்மான்னு சொல்லும். அதோடவும் குடித்தனம் பண்ணவதான் நான்.

— அம்மாவை இன்னாத்துக்கு இழுக்கற?

— நான் இழுக்கலப்பா. அவங்களா வர்றாங்க.

— சரி விடு. மறுபடி விண்டோஸே போடணுமா?

— வேணாம். லாய்டு அவரோட பழைய மேக் கம்ப்யூட்டரை எனக்குத் தரேன்னு சொல்லிக்கீறாரு. நாளைக்கு வந்துடும். இந்தப் பொட்டியை நீயே எடுத்துனு போயிடு.

— எடுத்துனு போயிட்டா, அடுத்த ஞாயித்துக்கிழமை?

— நீ வர வேண்டியதில்ல. வாரம் பூரா பெங்களூருக்கு ட்ரெயின்ல நின்னுனே போயி நின்னுனே வர்ற. ஞாயித்துக்கிழமையாவது வூட்ல படுத்துத் தூங்கு.

— கேளு ஷைலு. மேக்கு ஆபிசர் பங்களா மாதிரி. பாக்க சோக்கா இருக்கும். ஒரு ஆணி அடிக்க முடியாது. உள்ள இன்னா கீதுன்னு தொறந்து பாக்க முடியாது. ஒரு லைட்டு அணைஞ்சாலும் பெங்களூர்லேர்ந்து ஆள் வரணும். லினக்ஸ் நம்ம ஸ்கெலட்டன் ஏரியா மைன்ஸ்காரங்க லைன் வூடு. செவுத்தை இடி, ஜன்னல் வெய்யி, எவன் கேப்பான்? சுதந்திரம்.

— கூரை ஒழுவினா?

— நாமளே ஏறி சரி பண்ணிக்கலாம்.

— நாமளா? நீ. ஒரு தமிழ் ஃபான்ட் ஏத்தணும்னாலும் அது பாஸ்வேர்டு கேக்குது. பாஸ்வேர்டு உன்கிட்ட கீது. கல்யாணம் ஆன மறு வாரமே என்னைக் கேக்காம என் விண்டோஸை அழிச்சிட்டு இத்தப் போட்ட. சுதந்திரம்னு பேரு வெச்சிட்டு சாவியை உன் பாக்கெட்ல போட்டுக்கினே. அந்த வூட்ல எனக்கு எல்லாமே அப்டித்தான் இருந்திச்சி. அதான் பொட்டியைத் தூக்கினு ராபர்ட்சன்பேட்டைல இந்த மாடி ரூமுக்குத் தனியா வந்துட்டேன்.

— அது பாதுகாப்புக்கு ஷைலு. டோக்கன் காட்டாம எங்கப்பா சுரங்கத்துல எறங்கற கேஜ்ல கால் வெச்சிருப்பாரா? மைன்ஸ்ல எறங்கணும்னா டோக்கன், கம்ப்யூட்டர்ல எறங்கணும்னா பாஸ்வேர்டு. அதான் சிஸ்டம்.

— உங்கப்பா டோக்கன் அவரு பாக்கெட்ல இருந்திச்சி. உன் பாக்கெட்ல இல்ல.

— அப்போ பொட்டியை எடுத்துனு போயே ஆவணுமா?

— ஆமா. வயரைச் சுத்து.

— தப்பு பண்ணிட்டேன் ஷைலு. உன்னைக் கேட்டிருக்கணும். விண்டோஸை மட்டும் இல்ல, எதையுமே நான் கேட்டதில்ல. பாஸ்வேர்டு சொல்றேன், நீயே வெச்சிக்கோ. விண்டோஸ் வேணும்னா இப்பவே போட்டுத் தரேன். மேக்கு மட்டும் வேணாம். அது லேசுல கெட்டுப் போவாது.

— கெட்டுப் போவாதது ஒரு கொறையா?

— எனக்கு அதான் கொறை. கெட்டுப் போவலன்னா இன்னான்னு சொல்லி இந்தப் படி ஏறுவேன்?

— எழுந்திரு. கீபோர்டை இப்டி குடு.

— இன்னா பண்ற? ஷைலு, உள்ள போயிடுச்சி. நான் இன்னும் பாஸ்வேர்டே சொல்லலியே.

— உங்கப்பா டோக்கன் நம்பர். அந்தப் பித்தளை வில்லை வூட்டு சாவிக்கொத்துலயே தொங்கினு கீது. ஸ்கெலட்டன்ல எவன் வேற நம்பர் வெக்கறான்? உங்க வூட்ல ஏடிஎம்முக்கும் அதான், உங்கம்மா போனுக்கும் அதான். இங்க வந்த மொத வாரமே போட்டுப் பாத்துட்டேன்.

— அப்போ இத்தனை மாசமா நீயே சரி பண்ணியிருக்கலாமே. இன்னாத்துக்கு வாராவாரம் என்னைக் கூப்ட?

— கேட்டிருக்கணும்னு இப்போ சொன்ன பாரு, அந்த ஒரு வார்த்தைக்கு. எனக்கும் தனியா கஷ்டமாத்தான் இருந்திச்சி.

— ஒருவேளை நான் சொல்றதுக்கு முன்னாடியே சவுண்டு நெஜமா சரியாயிட்டிருந்தா?

— பெரிய கம்ப்யூட்டர்காரன். சனிக்கிழமை ஆனா அந்த சவுண்டை யாரு கழட்டி வெச்சாங்கன்னு நெனச்சினு கீற?