அஞ்சாம் நம்பர் வாடகை

அந்த நாற்காலி வேணாம் சார், அதுக்கு ஒரு காலு ஆடும். இதுல ஒக்காருங்க. ஃபேனு போடறேன். கரண்டு இருக்குது, பாத்தீங்களா, பேங்க்குல இருந்து ஆளு வர்றாருன்னு அதுக்கும் தெரிஞ்சி போச்சி. இல்லாங்காட்டி கும்மிடிப்பூண்டியில இந்த நேரத்துக்கு இன்னா கரண்டு.

எட்டு கதவும் எண்ணிட்டீங்க இல்ல? எட்டுதான். பத்திரத்துல இருக்கற சந்திரகலா நாந்தான். போட்டோல வேற ஆளு மாரி இருந்தா அது ஸ்டுடியோக்காரன் வேல. எடம் எங்க நைனா குடுத்தது, அதான் ஃபாரத்துலயும் நைனா பேரே போட்டேன். ஊட்டுக்காரரா? இருக்காரு சார். ட்யூட்டிக்குப் போயிருக்காரு. அத அப்பால பேசுவோம், மொதல்ல டீ குடிங்க.

அந்தக் கணக்க இன்னொரு தபா சொல்லுங்க. மாசத் தவண நாலாயிரத்து இருநூறு. வாடக வரவு அதப்போல ஒண்ணர மடங்கு இருக்கணும். அப்படின்னா ஆறாயிரத்து முன்னூறு. என்னுது எட்டு ரூமு, ரூமுக்கு எண்ணூறு, ஆறாயிரத்து நானூறு. நூறு ரூவா தூக்கலாவே கீது. அப்ப பாஸுதான? ஏன் சார் சிரிக்கறீங்க, எட்டாங்கிளாசு வரைக்கும் படிச்சிகிறேன். ஒரு ரூமு விட்டுப் போனாலும் லோன் கெடையாது, அதுவும் தெரியுது. அதான் ஒண்ணுகூட காலி இல்லன்னு ஒவ்வொரு கதவா தட்டிக் காமிச்சேன்.

மேல நாலு ரூமு கட்டணும் சார். தை மாசம் புதுசா ஒரு கம்பெனி ஓட ஆரமிக்குது. காண்ட்ராக்டரு வந்து, நாலையும் மொத்தமா எடுத்துக்கறேம்மான்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. நான் கட்டலன்னா பின்தெரு முனுசாமி கட்டிடுவாரு. அந்தாளு இப்பவே ஜல்லி கொட்டிட்டாரு, தெருவுல சைக்கிள் போவ வழியில்ல.

எழுதிக்கோங்க. ரெண்டாம் நம்பர்ல மூணு பேரு தூங்கிக்கினு இருந்தாங்களே, ஒரிசா பசங்க. மொத்தம் ஆறு பேரு. இவங்க எழுந்து ட்யூட்டிக்குப் போனா அவங்க வந்து அதே பாயில படுப்பாங்க. அந்த ரூமுல பாயி ஆறி நான் பாத்ததே இல்ல. இல்ல சார், ஆறு பேருன்னாலும் எண்ணூறுதான். தலைக்கு இன்னா வருதுன்னு அவங்களே பிரிச்சிக்கினு பத்தாந்தேதி குடுத்துடுவாங்க.

நாலுல தானியேலு, கிரேன் ஓட்றவரு. வாடக வாங்கப் போனா அவுரு சம்சாரம் விக்டோரியா காபி போட்டுக் குடுத்து, ஊர்க்கத பேசி, சிரிக்க வெச்சி திருப்பி அனுப்பிடும். மூணாவது காபிக்குத்தான் டப்பு வரும். ஏழுல ரிஜ்வான், பழவேற்காட்டு ஆளு, கம்பெனி ஸ்டோர்ல கணக்கெழுதறாரு. மாசம் தள்ளிப் போச்சின்னா ஊருக்குப் போய்ட்டு வரும்போது ஒரு பை எறா எடுத்தாந்து குடுத்துடுவாரு. எறாவ தின்னுட்டு எந்த வாயால சார் வாடக கேக்கறது? ஆனா குடுத்துடுவாரு. பாஸ்புக்க பாருங்க, ஒரு மாசமும் துண்டு உழுவாது.

அஞ்சாம் நம்பரா? அது பூட்டித்தான் இருக்கும். ரோலிங் மில்லுல ஃபஸ்ட் ஷிஃப்டு. ரெண்டு மணிக்கு விட்டா ரெண்டரைக்கு சைக்கிளு கேட்டுக்கிட்ட நிக்கும். இப்ப மணி இன்னா? ரெண்டா. சரி, சரி.

குடித்தனம்னா அதான் சார் குடித்தனம். ஒண்ணாந்தேதி ஆச்சின்னா கவர்ல போட்டு இந்தக் கதவு இடுக்குல சொருகிட்டுப் போயிடுவாரு. ஒரு மாசம் ரெண்டாந்தேதி ஆனதில்ல. தண்ணி வரலன்னு கேட்டதில்ல, சுண்ணாம்பு அடின்னு கேட்டதில்ல. ஒண்ணே ஒண்ணு, ரசீது வேணும். ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி அவுரு கதவு இடுக்குல நான் சொருகணும். எண்ணூறு ரூவாக்கி ஸ்டாம்பு தேவையில்லன்னு எனக்கும் தெரியும் சார். அவுருக்கு யாரு போய் சொல்றது.

பேரா. இந்தாங்க ரசீது புக்கு, நீங்களே பாத்து எழுதிக்கோங்க. ஆமா. ஆமா, அதேதான். ஸ்ரீமுஷ்ணத்துல இருக்கற பெருமாள் பேரு. நீங்கதான் படிச்சிட்டீங்களே சார், அப்பறம் நான் வேற எதுக்கு சொல்லணும்? மத்தவங்க பேரெல்லாம் கடகடன்னு சொன்னேன்தான். ஞாபகம்தான சார், ஒண்ணு வரும், ஒண்ணு வராது. டீயில சக்கர பத்துதா?

பாஸ்புக்கா... அத அவ்ளோ உன்னிப்பா பாப்பீங்கன்னு நெனக்கல. ஆமா, மாசாமாசம் அய்யாயிரத்து அறுநூறுதான் கட்டிகிறேன். ஏழு ரூமு துட்டு. எட்டாவது எங்கன்னா... ஊட்டு செலவு இருக்குது இல்ல சார். காய், கறி, கேஸு. இல்ல, எல்லா மாசமும் சரியா எண்ணூறுதான் கொறையும். அதெப்படின்னா, நான் சிக்கனம், அதே எண்ணூறுக்குள்ள முடிச்சிக்குவேன். நீங்க நம்பலன்னு மூஞ்சில எழுதி கீது. இருங்க, முறுக்கு எடுத்தாரேன்.

பிளானயும் விரிச்சிட்டீங்களா. அதுல ஒண்ணியும் இல்ல சார். மேல நாலு ரூமு, ஒரு படிக்கட்டு, தண்ணித் தொட்டி. எது? அந்தக் கதவா. ஆமா, என் சமையக்கட்டுல இருந்து அஞ்சாம் நம்பருக்கு ஒரு கதவு போட்ருக்குது. காத்துக்குத்தான். குடித்தனக்காரர் ரூமுக்குள்ள ஊட்டுக்காரம்மா சமையக்கட்டுல இருந்து எப்படி கதவு வெப்பீங்கன்னா... மேஸ்திரி தப்பா போட்டுட்டாரு. அவுரு கெடக்கறாரு.

சார், பேங்க்குல சேரறதுக்கு முன்ன போலீஸ்ல இருந்தீங்களா?

சரி, அந்த அஞ்சாம் நம்பர் கதைய சொல்றேன், கேளுங்க. நல்ல மனுசன். மின்ன இருந்த கம்பெனில உலைய மூடிட்டாங்க. ஆறு மாசம் வேல இல்ல. ஊட்லதான் இருந்தாரு. சும்மா இல்ல, தண்ணி எடுப்பாரு, ஒட்டட அடிப்பாரு, எந்தக் கம்பெனி கேட்டுலயாவது ஆளெடுக்கறாங்கன்னா எளாவூர் வரைக்கும் சைக்கிள மிதிப்பாரு. அவுரு பொஞ்சாதிக்கு மட்டும் சொந்தமா வாடக வந்துகினு இருந்துது. அதுல அவளுக்கு கொஞ்சம் திமிரு.

ஒருநாள் கருவாட்டுக் கொழம்பு. மத்தியானம் ஒக்காந்து ஒரு வாய் வெச்சிட்டு, உப்பு கொஞ்சம் கம்மியா கீதேன்னு சொன்னாரு. அவ்ளோதான் சார் சொன்னாரு. எந்த ஊட்லதான் சொல்லாத பேச்சு? அன்னிக்கி அவளுக்கு மோட்டாரு ரிப்பேரு, அடுப்பு புகை, எல்லாம் பேஜாரு. திரும்பிக்கூட பாக்காம, ஓசிச் சோத்துக்கு உப்பு வேறயான்னு கேட்டுட்டா.

நீங்க முறுக்க கீழ வெச்சிட்டீங்க. எனக்கும் அப்படித்தான் சார் இருக்கும், நெனச்சா.

அவுரு தட்டுல இருந்தத முழுசா சாப்ட்டாரு. தட்ட கழுவி வெச்சாரு. மறுவாரமே ரோலிங் மில்லுல வேலைக்கு சேந்துட்டாரு. கைக்கடியாரத்த வித்து, கூடவேல செய்றவருகிட்ட கொஞ்சம் கைமாத்து வாங்கி, பத்து மாச அட்வான்ஸு எட்டாயிரம். ஒரு டிரங்கு பொட்டி, ஒரு தலகாணி. அஞ்சாம் நம்பரு அப்பத்தான் காலியாச்சி. வந்துட்டாரு. ரெண்டு வருசம் பத்து மாசம் ஆவுது.

எனக்கெப்படி இவ்ளோ தெரியுமா? செவுரு மெல்லிசு சார்.

கடியாரம் இல்லாத மனுசன், ஃபஸ்ட் ஷிஃப்டுக்கு எப்படி எழுந்துப்பாரு? அதான் நான் விடிகாலைல அஞ்சு மணிக்கு இந்தப் பக்கம் மிக்சி போடுவேன். அரைக்கறதுக்கு ஒண்ணும் இல்லன்னா ரெண்டு காஞ்ச மொளகாய போட்டு ஓட்டுவேன். விக்டோரியா வந்து, இன்னாக்கா தெனிக்கும் சட்னியான்னு கேக்கும். கருவாட்டுக் கொழம்பு வெச்சா ஒரு கிண்ணம் அதுகிட்ட அஞ்சாம் நம்பருக்கு குடுத்தனுப்புவேன். கிண்ணம் பளபளன்னு கழுவி திரும்பி வரும். உள்ள பத்து ரூவா நோட்டு இருக்கும். சொல்லுங்க சார், கொழம்புக்கு எவனாவது பத்து ரூவா குடுப்பானா? உப்பு செரியா இருந்துதான்னு ஒரு வார்த்த இல்ல. பத்து ரூவா.

சரி வுடுங்க. கையெழுத்து எங்க போடணும், காமிங்க. இதுலயா. இது இன்னா எழுதியிருக்குது, கண்ணாடி உள்ள கீது, படிச்சி காட்டுங்க.

மேற்படி குடித்தனக்காரங்க யாரும் எனக்கு ஒறவு இல்லன்னு உறுதி சொல்றேன்... ஒறவுக்காரங்க குடுக்கற வாடக கணக்குல சேராதா? ஏன் சார்? ஆங், மச்சான், மாமன்னு பேர எழுதி இல்லாத வாடகைய காட்டுவாங்க. நியாயந்தான். நானே ரெண்டு பேர பாத்துகிறேன்.

பேனா குடுங்க.

எழுதலியே சார் இது. இல்ல, எழுதுது. எழுதுது.

சார், அஞ்சாம் நம்பர அடிச்சிடுங்க. நெசமாத்தான் சொல்றேன், கோடு போட்டு அடிங்க. ஏழு ரூமுதான். அய்யாயிரத்து அறுநூறு. ஒங்க கணக்குக்கு எழுநூறு கம்மி, லோன் வராது, தெரியும். முனுசாமி நல்லா கட்டட்டும்.

அவுரு எம் ஊட்டுக்காரரு சார்.

வாயால சொல்லக்கூடாத பேரு, முப்பத்தினாலு தபா ரசீதுல எழுதிகிறேன். ஒவ்வொரு தபாவும் இவ்ளோ இடம் விட்டு, கோணாம எழுதுவேன். நல்லா இருக்குது இல்ல எழுத்து? ஆனா ஒறவு இல்லன்னு எழுத மாட்டேன். அது ஒண்ணு மட்டும் என்னால ஆவாது.

துட்டா? அரிசி டின்னுல கீது. அட்வான்ஸு, வாடக, கொழம்பு டப்பு எல்லாம். கவர நான் பிரிக்கவே இல்ல சார். பிரிக்காம எப்படி எண்ணூறுன்னு ரசீது போட்டேனா? அவுரு குடுத்தா செரியா இருக்கும்.

இப்ப அந்தக் கதவு புரியுதா ஒங்களுக்கு? மேஸ்திரி செரியாத்தான் போட்டாரு, பாவம். மேல நாலு ரூமு வந்துச்சின்னா அஞ்சாம் நம்பர வாடகைக்கு வுடத் தேவையில்ல. செவுத்த ஒடச்சி கதவு வெச்சிட்டா ரெண்டும் ஒரே ஊடு. அவுரு பொட்டிய தூக்கினு திரும்பி வரத் தேவையில்ல, நான் போய் கால்ல உழத் தேவையில்ல. கதவு தெறந்து இருக்கும், அவ்ளோதான். ஆனா கதவு வெக்கணும்னா லோன் வேணும், லோன் வேணும்னா அவுரு யாரோன்னு எழுதணும். இது இன்னா சார் கணக்கு, ஒங்க பேங்க்குல?

இன்னா சொல்றீங்க? இன்னொரு தபா சொல்லுங்க.

அவுரு சம்பளத்தயும் சேத்துக்கலாமா? வாடகையா இல்லாம, புருசன் சம்பளமா? அப்ப ஏழு ரூமே போதுமா? சம்பளச் சீட்டு... இருக்கும் சார், எல்லாத்துக்கும் காயிதம் வெச்சிருக்கற ஆளு. அவுரும் இங்க கையெழுத்து போடணும், அவ்ளோதான?

அவ்ளோதானான்னு சுலபமா கேட்டுட்டேன். கையெழுத்து போடணும்னா கேக்கணும். கேக்கணும்னா கூப்புடணும். பேர சொல்லி கூப்புட முடியாது. முன்ன மாரி கூப்புட்டு மூணு வருசம் ஆவப் போவுது, வாய் வருமான்னு தெரியல. நீங்களே கேளுங்களேன் சார். பேங்க்குல இருந்து வர்றேன்னு சொல்லுங்க, மரியாதையா பேசுவாரு. நான் உள்ள இருக்கறேன்.

மாட்டீங்களா. அதுக்கு ஃபாரத்துல இடம் இல்லியா. நல்லா வந்தீங்க சார்.

இருங்க. கேட்டு சத்தம். சைக்கிளுதான், அந்த பெல்லுக்கு ஒரு பக்கம் மூடி இல்ல. இப்ப கொழாய்க்கிட்ட நின்னு கால கழுவுவாரு. அப்பறம் இந்தப் பக்கம் பாக்காம நேரா போயிடுவாரு. சார், நீங்க ஒண்ணும் பேசாதீங்க. அந்த ஆடற நாற்காலிய மட்டும் கொஞ்சம் அப்பால தள்ளுங்க, தெரியாம அதுல ஒக்காந்துடப் போறாரு. ஒக்காந்தார்னா.

ஏங்க.

ஏங்க, ஒங்களத்தான். செத்த இங்க வந்துட்டுப் போங்க. வாடக விஷயம் இல்ல.