இரண்டாவது நாற்காலி

குழந்தைகள் வார்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போதாது, இரண்டு வேண்டும். பலரும் இதைக் கவனிப்பதில்லை. ஒன்றே இருந்தால் அதில் அம்மா உட்காருவார்; அப்பா சுவரில் சாய்ந்து நின்று, கொஞ்ச நேரம் கைப்பேசியைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். இன்னொன்று போட்டால் அவரும் உட்காருவார். பிள்ளையின் நாடித்துடிப்பு தணிவதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

இன்ஸ்பெக்டர், நீங்கள் கேட்டது வேறு. ஆனால் இது புரியாமல் அது புரியாது.

மூன்று வயதுப் பிள்ளைக்கு நோயைவிடப் பெரிய பயம், பெற்றவர்கள் விட்டுப் போய்விடுவார்களோ என்பதுதான். அதனால் தாதியர் முடிந்ததையெல்லாம் அம்மா கையாலேயே செய்யவைப்போம். மருந்தை நான் அளந்து ஊற்றுவேன், கொடுப்பது அம்மா. "குடிக்கிறாயா?" என்று கேட்கக் கூடாது. "நீலக் கப்பா, மஞ்சள் கப்பா?" என்று கேட்க வேண்டும். தேர்ந்தெடுக்க விட்டால் பயம் குறையும்.

கவினின் அம்மா லோஷினி இதைச் சீக்கிரம் கற்றுக்கொண்டாள். பாசிர் கூடாங் தொழிற்பேட்டையில் தொழிற்சாலை வேலை. ஷிப்ட் முடிந்து அதே சீருடையில் ஓடி வருவாள். கணவர் ஜீவன் சிங்கப்பூரில் வேலை பார்த்து அங்கேயே தங்கிவிட்டவர். இருவருக்கும் பேச்சே இல்லை என்று அவள்தான் சொன்னாள். கவினை நிமோனியாவோடு சேர்த்தபோது ஜீவன் லீவு போட்டு வந்தார். இரண்டாவது நாற்காலியை இழுத்துப் போட்டது நான்.

"மஞ்சக் கப்பு எனக்கா?" என்று ஒருநாள் ஜீவன் அவளைச் சீண்டினார்.

"ஒங்களுக்கு ரெண்டும் கெடயாது லா. போயி கோப்பி வாங்கிட்டு வாங்க," என்றாள் லோஷினி.

கவின் சிரித்தான். வந்ததிலிருந்து அவன் சிரித்தது அப்போதுதான்.

பிறகு காய்ச்சல் விட்டது. வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். ஜீவன் சிங்கப்பூர் திரும்பப் பையைக் கட்டினார். அந்தப் பையைக் கவின் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். அன்று மாலை மருந்தோடு வேறொன்றையும் சேர்த்து ஊற்றினேன். என்ன என்பதை உங்களிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். கொஞ்சம்தான். வாந்தி, நடுக்கம், மேலும் சில நாள் தங்கல். பை கட்டிலுக்கு அடியில் திரும்பிப் போனது.

பை வெளியே வந்தபோதெல்லாம் அப்படியே செய்தேன்.

"மிஸ்ஸி, நான் ஏதாச்சும் தப்பா குடுக்குறேனா? என் கையால குடிச்சாத்தான் இப்படி ஆவுது," என்று லோஷினி கேட்டாள். அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன. அவற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"சரியாத்தாம்மா குடுக்குறீங்க," என்றேன். அது பொய்யில்லை. ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் கொடுத்தாள்.

கவினுக்கு எந்தக் கப்பும் வேண்டாம் என்றாயிற்று. அவள் கை நீண்டாலே கட்டிலின் மூலைக்கு ஒதுங்கி, "அம்மா வேணாம்," என்பான். கடைசி முறை ஜீவன் அவனைப் பிடித்துக்கொண்டார், லோஷினி வாயில் ஊற்றினாள். எவ்வளவோ நாளைக்குப் பிறகு இருவரும் சேர்ந்து செய்த காரியம் அது. கொஞ்ச நேரத்தில் கவினின் மூச்சு நின்றது. டாக்டர்கள் அதைத் திரும்ப வரவழைத்துத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள்.

இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் நீங்கள் விசாரித்தது லோஷினியை. கொடுத்தது அவள் கை அல்லவா. "பிள்ள பக்கத்துல வராத," என்று ஜீவன் கத்தினார். இப்போது அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரே நாற்காலிதான் இருக்கிறது. அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நானாகவே இங்கே வந்தேன். அவள் செய்யவில்லை, நான் செய்தேன். ஜீவனிடம் சொல்லிவிடுங்கள். அவர்கள் சேர்ந்து உட்காரட்டும்.

இன்னொன்று. காலையில் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். காவலரோடு லோஷினி வாசல்வரை வந்தாள். கவின் கண் விழித்து அவளைக் கண்டான். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டான். அவள் கையில் ஒன்றுமே இல்லை.

இது சரிசெய்யக்கூடியதுதான். பயத்தைப் பழக்கத்தால் போக்கலாம். என்னைக் கொஞ்ச நேரம் அங்கே கூட்டிப்போங்கள். நாற்காலி இரண்டு போடச் சொல்லுங்கள். லோஷினி பக்கத்தில் இருந்து கொடுக்கட்டும்.

மருந்தை நான் அளந்து ஊற்றுகிறேன்.