எட்டு மணி, சாப்பிட்டாச்சு

உங்கள் சட்டைக் கையில் இருப்பது முட்டைக் கறை, ஐயா. வெந்நீரில் போட்டுவிடாதீர்கள், அப்புறம் எந்த ஜென்மத்திலும் போகாது. இருபத்திரண்டு வருடமாகச் சலவைக் கடை வைத்திருக்கிறேன், ஊரார் அழுக்கில்தான் என் பிழைப்பு. ஆனால் அந்த அழுக்கு மூட்டையாக வரும், மடிப்பாகத் திரும்பிப் போகும். அப்பாவின் அழுக்கு அப்படியில்லை.

அவருக்கு மறதி நோய் வந்து நான்கு வருடம். முதலில் சாவியை மறந்தார், பிறகு என்னை மறந்தார். அதெல்லாம் எனக்குப் பெரிய விஷயமில்லை. கழிப்பறையை மறந்தாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. சுவரில் தேய்ப்பார். நகக்கண்ணெல்லாம் இருக்கும், அந்தக் கையால் என் கன்னத்தைத் தடவ வருவார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்வாங்குவேன். ஒரு நாள் என் மனைவி பெட்டியைக் கட்டினாள். "வீடு நாறாத அன்னைக்குக் கூப்பிடுங்க, வரேன்" என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் திரும்பி வர வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கை கழுவிய ஈரம் காய்வதற்குள் "இன்னும் சாப்பாடு போடலையே" என்பார் அப்பா. அதற்காக, ஞாயிறுதோறும் வரும் அக்கா ஒரு பலகை வாங்கிவந்து கட்டிலுக்கு எதிரே மாட்டினாள். சாப்பிட்டு முடித்ததும் மணியோடு அதில் எழுதிவிட வேண்டும். நல்ல யோசனைதான். அப்பா ஆலையில் முப்பது வருடம் வருகைப் பதிவேடு பார்த்தவர். எழுதியிருந்தால் வந்தவன், இல்லாவிட்டால் வராதவன், அவரிடம் வேறு பேச்சே கிடையாது. படிக்க மட்டும் அவருக்கு மறக்கவில்லை.

ஒரு நாள் காலை கடைக்குக் கிளம்பும் அவசரத்தில், தட்டு வைப்பதற்கு முன்பே எழுதிவிட்டேன். 'எட்டு மணி, சாப்பிட்டாச்சு.' அப்பா படித்தார். "எழுதியிருக்கே. அப்ப சாப்பிட்டிருப்பேன்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் தட்டை எடுத்து வைத்துவிட்டுப் போய்விட்டேன். மறுநாள் விரிப்பு அவ்வளவாக நாறவில்லை. உள்ளே போவது குறைந்தால் வெளியே வருவதும் குறையும். இதற்கு டாக்டர் படிப்பு வேண்டாம், ஐயா.

முதலில் காலைச் சாப்பாடு மட்டும் நின்றது. பிறகு மதியமும். எழுத்து ஒரு வேளைகூடத் தவறியதில்லை. ஞாயிறு அன்று ஒழுங்காகப் போடுவேன், அள்ளி அள்ளி விழுங்குவார், பார்க்கவே அருவருப்பாக இருக்கும். "ஆளு இளைச்சுட்டாரேடா" என்பாள் அக்கா. நோய் அப்படி என்பேன். "நல்லாத்தான் சாப்பிடறாரு. நீ தங்கமா பார்த்துக்கறே" என்று என் முதுகைத் தட்டிக்கொடுப்பாள்.

எதிர்வீட்டு டீச்சரிடம் ஜன்னல் வழியாகப் பசிக்கிறது என்று கெஞ்சியிருக்கிறார். அந்த அம்மா ரொட்டியோடு வந்தார், பலகையைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "என்ன பெரியவரே, இப்பதானே சாப்பிட்டிருக்கீங்க, மணிகூடப் போட்டிருக்கு." அப்பா வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்டார். ரொட்டி வந்த வழியே திரும்பிப் போயிற்று. நான் அந்த அம்மாவைத் தடுக்கவில்லை. மறதிக்காரர் பேச்சை யாரும் பேச்சாக எடுத்துக்கொள்வதில்லை, அதற்கு நான் பொறுப்பில்லை.

இரண்டு மாதத்தில் வீடு துவைத்துப்போட்ட துணிபோல ஆகிவிட்டது. மனைவிக்குப் போன் செய்தேன். வியாழக்கிழமை வருகிறேன் என்றாள். புதன்கிழமை அப்பா போய்விட்டார்.

அவர் தொண்டையில் பஞ்சு இருந்தது என்கிறார் உங்கள் டாக்டர். தலையணையை முகத்தில் வைத்து அமுக்கினேன் என்று நீங்களாகவே எழுதி வந்து கையெழுத்துக் கேட்கிறீர்கள். அது அபாண்டம். உறையைப் பல்லால் கிழித்து அவரேதான் தின்றார், பாதித் தலையணை. மூச்சு முட்டியபோது நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். வாய்க்குள் விரலை விட்டிருந்தால் வந்திருக்கும். எச்சில் ஊறிய அந்தப் பஞ்சைத் தொட எனக்கு மனம் வரவில்லை. பட்டினி போட்டது நான்தான், பார்த்துக்கொண்டு நின்றதும் நான்தான். அதை எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அமுக்கினேன் என்பதை மட்டும் அடித்துவிடுங்கள், ஐயா. பெற்ற தகப்பன் மேல் கை வைக்கிற ஆள் நான் இல்லை.